மூதாதையர் தொலைவும் பொருளாதார வளர்ச்சியும்

இரண்டு மக்கட்குழுக்கள் தம் பொது மூதாதையரிடமிருந்து பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் குறிக்கும் அளவு மூதாதையர் தொலைவு எனப்படும். மொழி, சமயம், குடும்ப அமைப்பு, விழுமியங்கள், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றில் அக்குழுக்களிடையே காணப்படும் வேறுபாடு பண்பாட்டுத் தொலைவு எனப்படும். இவ்விரு தொலைவுகளுக்கும் நாடுகளின் செல்வநிலைக்கும் தொடர்பு உண்டா என்பது பொருளாதார வரலாற்றில் அண்மைக் காலத்தில் மிகுதியாக ஆராயப்பட்டு வரும் வினா ஆகும்.

தொடர்பு உண்டு என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. ஆனால் அதன் பொருளைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். சில இனங்கள் பிறப்பிலேயே திறமை மிக்கவை, சில திறமை குறைந்தவை என்று இந்த ஆய்வுகள் சொல்வதாக எண்ணுவது பிழை. ஒரு புதுமை எங்கே தோன்றியதோ அம்மக்களுக்கு மொழியாலும் பழக்கத்தாலும் நெருக்கமானவர்கள் அதை முந்திக் கற்றனர். தொலைவில் இருந்தவர்கள் பிந்திக் கற்றனர் என்பதே அவற்றின் மையக் கருத்து. தொலைவு என்பது கற்பதற்கு எதிரே நிற்கும் தடை. அத்தடையைச் சிலர் முயன்று தாண்டினர். வேறு சிலர் தாண்ட முடியாதபடி தடுக்கப்பட்டனர். கீழ்வரும் வரலாற்று நிகழ்வுகள் இதனை விளக்குகின்றன.

தொலைவை அளக்கும் முறைகள்

மூதாதையர் தொலைவை அளக்க மரபணுத் தரவுகள் பயன்படுகின்றன. ஒரு மக்கட்கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரு பகுதிகளும் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு பல தலைமுறைகள் வாழ்ந்தால், சில மரபணு வடிவங்கள் ஒன்றில் பெருகும், மற்றொன்றில் அருகும். இம்மாற்றத்தின் பெரும்பகுதி தற்செயலாக நிகழ்வது. எனவே வேறுபாட்டின் அளவைக் கொண்டு பிரிவின் காலத்தை ஏறத்தாழ மதிப்பிடலாம். இத்தாலிய மரபியலாளர் லூகா கவாலி-ஸ்ஃபோர்சாவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூல் உலக மக்கட்குழுக்களிடையே உள்ள மரபணுத் தொலைவுகளை அட்டவணைப்படுத்தியது. பிற்காலப் பொருளியல் ஆய்வுகளுக்கு இந்நூலே அடித்தளமாயிற்று.

இதற்காகத் தேர்ந்தெடுக்கப்படும் மரபணுக்கள் பெரும்பாலும் நடுநிலையானவை. உடல் வலிமை, அறிவு, பண்பு ஆகியவற்றை அவை தீர்மானிப்பதில்லை. மணிக்கூடு நேரத்தைக் காட்டுமே தவிர நேரத்தை உண்டாக்காது. அதுபோலவே இம்மரபணுக்களும் பிரிவின் காலத்தைக் காட்டுகின்றன. மேலும், மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட்குழுவின் உள்ளேயே காணப்படுகிறது என்பதை ரிச்சர்ட் லெவொன்டின் 1972-இல் காட்டினார். குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாடு எஞ்சிய சிறு பகுதியே.

மொழித் தொலைவை அளக்க மொழிக்குடும்ப மரங்கள் உதவுகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே கிளையில் அருகருகே உள்ளன. தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளில் உள்ளன. தமிழும் ஆங்கிலமும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. விழுமியங்களின் தொலைவை அளக்கக் கருத்துக்கணிப்புகள் பயன்படுகின்றன. டச்சு ஆய்வாளர் ஹெர்ட் ஹோஃப்ஸ்டெட் ஒரு பன்னாட்டு நிறுவன ஊழியர்களிடம் நடத்தப்பட்ட கணிப்பை அடிப்படையாகக் கொண்டு 1980-இல் வெளியிட்ட நூலும், 1981-இல் தொடங்கிய உலக விழுமியக் கணிப்பும் இத்துறையில் முன்னோடிகள்.

மொழியும் பழக்கமும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வன. ஆகவே நெடுங்காலத்துக்கு முன் பிரிந்த மக்கள் பண்பாட்டிலும் பெரும்பாலும் விலகியிருப்பர். மரபணுத் தொலைவு பொருளியலாளர்களுக்குப் பயன்படுவது இக்காரணத்தாலேயே.

முன்னணி நாட்டிலிருந்து எவ்வளவு தொலைவு?

என்ரிகோ ஸ்போலாவோரே, ரோமேன் வாக்சியார்க் என்னும் பொருளியலாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. மூதாதையர் தொலைவு மிகுந்த நாடுகளிடையே தனிநபர் வருமான வேறுபாடும் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். புவியியல் தொலைவு, தட்பவெப்பம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு எஞ்சியது.

அவர்கள் செய்த முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. இரு நாடுகளுக்கிடையே உள்ள நேர்த்தொலைவைவிட, தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள நாட்டிலிருந்து அவ்விரண்டும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதே வருமான வேறுபாட்டை நன்கு விளக்கியது. ஒருவரிடமிருந்து ஒருவர் மிகத் தொலைவில் இருக்கும் இரு மக்கள் முன்னணி நாட்டிலிருந்து ஒரே அளவு தொலைவில் இருந்தால் அவர்களின் வருமானம் ஒத்திருக்க வாய்ப்பு உண்டு. மரபணுக்களே செல்வத்தை உண்டாக்குவதாக இருந்தால், யார் முன்னணியில் இருக்கிறார் என்பது ஒரு பொருட்டாக இருக்காது. இங்கு அது பொருட்டாக இருப்பதால், நிகழ்வது பரவல் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

காலவரிசையும் இதனையே காட்டியது. தொழிற்புரட்சி பரவத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து உள்ள தொலைவின் தாக்கம் கூர்மையாக உயர்ந்து, 1870-ஐ ஒட்டி உச்சம் அடைந்தது. அதன்பின் மேலும் பல நாடுகள் தொழில்மயமாக, அத்தாக்கம் படிப்படியாகக் குறைந்தது. பிறப்பால் வரும் நிலையான குணம் ஒன்றே காரணமாயின், அது ஐம்பது ஆண்டுகளில் ஏறி இறங்குவதை விளக்க இயலாது.

ஐரோப்பா பின்தங்கியிருந்த காலம்

முன்னணி இடம் எக்காலத்திலும் ஒரே மக்களிடம் இருந்ததில்லை. காகிதத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சீன அரசவையில் பணிபுரிந்த சாய் லுன் கி.பி. 105-இல் காகிதம் செய்யும் முறையை அரசருக்குத் தெரிவித்ததாக மரபு கூறுகிறது. 8-ஆம் நூற்றாண்டில் அக்கலை நடு ஆசியாவின் சமர்கந்தையும், அந்நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதையும் அடைந்தது. 12-ஆம் நூற்றாண்டில் அரபு மக்கள் வாழ்ந்த ஸ்பெயின் நகரான ஷாத்திவாவிலும், 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோவிலும் காகிதம் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் முதல் காகித ஆலையை ஜான் டேட் என்பவர் 1490-களில்தான் தொடங்கினார். சீனத்திலிருந்து இங்கிலாந்து செல்ல அக்கலைக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பிடித்தன.

எண்களின் பயணமும் இவ்வாறே அமைந்தது. இந்தியாவில் உருவான பூச்சியத்தோடு கூடிய பதின்ம எண்முறையை 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி விளக்கி எழுதினார். வட ஆப்பிரிக்காவில் வணிகரின் மகனாக இருந்து அதைக் கற்ற பீசா நகரத்து ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய நூல் அதனை மேற்கு ஐரோப்பிய வணிகர்களிடம் கொண்டு சென்றது. ஆனால் 1299-இல் புளோரன்ஸ் நகரப் பணமாற்றுவோர் சங்கம் கணக்கேடுகளில் அவ்வெண்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பழக்கமில்லாத குறியீட்டில் மோசடி எளிது என்ற அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. புதியது வெளியிலிருந்து வந்தது என்ற ஐயமும் தொலைவின் ஒரு முகமே.

இக்காலத்தில் யாரேனும் நாடுகளின் செல்வத்தையும் மூதாதையர் தொலைவையும் ஒப்பிட்டிருந்தால், சீனத்துக்கோ பாக்தாதுக்கோ அருகில் இருப்பது நன்மை என்றும், இங்கிலாந்து கடைக்கோடியில் இருப்பதாகவும் கண்டிருப்பர்.

எந்திரங்களை எடுத்துச் சென்றவர்கள்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பு எந்திரங்களும் நீராவிப் பொறியும் இங்கிலாந்தை முன்னணிக்குக் கொண்டுவந்தன. அந்நாடு அவ்வறிவைப் பூட்டி வைக்க முயன்றது. கைதேர்ந்த தொழிலாளர் வெளிநாடு செல்வதற்கு இருந்த தடை 1824 வரையிலும், முக்கிய எந்திரங்களை ஏற்றுமதி செய்வதற்கு இருந்த தடை 1843 வரையிலும் நீடித்தன.

தடைகளை மீறி அறிவு கசிந்தது. எங்கே முதலில் கசிந்தது என்பதே கவனத்துக்குரியது. டெர்பிஷயர் நூற்பாலையில் பயிற்சி பெற்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789-இல் தன் தொழிலை மறைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எந்திரத்தின் அமைப்பை நினைவிலேயே கொண்டுசென்று, 1790-இல் ரோட் தீவு மாநிலத்தின் பாடக்கெட்டில் நூற்பு எந்திரங்களை இயங்கச் செய்தார். அங்கே அவர் பேசிய மொழி அவருடைய தாய்மொழியே. தச்சருக்கும் கொல்லருக்கும் அவர் தன் எண்ணத்தைச் சொல்லிப் புரியவைக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

லங்காஷயரைச் சேர்ந்த வில்லியம் காக்கரில் 1799-இல் இன்றைய பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் கம்பளி நூற்பு எந்திரங்கள் செய்யத் தொடங்கினார். அவருடைய மகன் ஜான் காக்கரில் 1817-இல் செராங் என்னும் இடத்தில் நிறுவிய இரும்பு, எந்திரத் தொழிற்சாலை ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. கம்பளித் தொழிலில் நூற்றாண்டுக் கணக்கான பழக்கம் உடைய வெர்வியே மக்களுக்கு எந்திரம் புதிதே தவிர தொழில் புதிதன்று.

எந்திரத்தின் படம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. எங்கே எண்ணெய் விடுவது, நூல் அறுந்தால் எப்படி முடிவது, எந்த ஓசை பழுதின் அறிகுறி என்பன போன்றவை பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும் கற்க வேண்டியவை. அத்தகைய அறிவு பேச்சாலும் பழக்கத்தாலும் நெருங்கிய மக்களிடையே விரைவில் பரவியது.

பிரான்சில் தொடங்கிய மற்றொரு மாற்றம்

தொழிற்புரட்சியில் இங்கிலாந்து முந்தியது; குடும்ப அளவைக் குறைப்பதில் பிரான்சு முந்தியது. பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருமணமான பெண்களின் குழந்தைப்பேறு குறையத் தொடங்கியது. செல்வத்திலும் தொழிலிலும் மேம்பட்ட இங்கிலாந்தில் இம்மாற்றம் 1870-களுக்குப் பின்னரே நிகழ்ந்தது. எனவே செல்வம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

பெல்ஜியம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே அரசின் கீழ் இருந்த அந்நாட்டில், பிரெஞ்சு பேசும் வல்லோனியா பகுதியில் குழந்தைப்பேறு முதலில் குறைந்தது. டச்சு பேசும் ஃபிளாண்டர்சில் பின்னரே குறைந்தது. மொழி எல்லையின் இருபுறமும் இருந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் இருந்தபோதிலும் வேறுபட்டன. பிரான்சின் உள்ளேயே, கெல்டிக் மொழியான பிரெத்தோன் பேசப்பட்ட பிரிட்டனிப் பகுதியில் பெரிய குடும்பங்கள் நெடுங்காலம் நீடித்தன.

ஸ்போலாவோரேயும் வாக்சியார்க்கும் பின்னர் செய்த ஆய்வில், ஐரோப்பியப் பகுதிகள் பிரெஞ்சு மொழியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தன என்பதும், குழந்தைப்பேறு குறையத் தொடங்கிய காலமும் தொடர்புடையவை என்று கண்டனர். தொழில்மயத்துக்கு இங்கிலாந்திலிருந்து உள்ள தொலைவும், குடும்ப அளவுக்குப் பிரான்சிலிருந்து உள்ள தொலைவும் முக்கியமாயின. இரு மாற்றங்களுக்கும் தோற்றுவாய் வெவ்வேறாக இருந்ததால், அவை பரவிய வழிகளும் வெவ்வேறாயின.

ஜப்பான்: தொலைவைத் தாண்டிய நாடு

மூதாதையர் தொலைவு ஊழ்வினை போல மாற்ற முடியாதது என்றால் ஜப்பானின் வரலாற்றை விளக்க முடியாது. மொழி, சமயம், மூதாதையர் ஆகிய மூன்றிலும் அந்நாடு இங்கிலாந்திலிருந்து மிகவும் விலகியது. ஆயினும் ஆசியாவில் முதலில் தொழில்மயமான நாடு அதுவே.

அதற்கான ஆயத்தம் நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1641 முதல் டச்சு வணிகர்கள் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் மட்டும் தங்க அனுமதிக்கப்பட்டனர். அந்தச் சிறு வாயில் வழியே வந்த நூல்களைப் படிக்க ஜப்பானிய மருத்துவர்கள் டச்சு மொழியைக் கற்றனர். சுகிதா கென்பாக்குவும் அவருடைய நண்பர்களும் டச்சு மொழியிலிருந்து பெயர்த்த உடற்கூற்று நூல் 1774-இல் வெளிவந்தது. முறையான அகராதி எதுவும் கையில் இல்லாத நிலையில், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடி அவர்கள் அதைச் செய்தனர்.

1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்ட பின் இம்முயற்சி அரசின் கொள்கையாயிற்று. 1871 முதல் 1873 வரை இவாக்குரா தொமோமி தலைமையில் ஒரு தூதுக்குழு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றி, ஆலைகளையும் பள்ளிகளையும் நேரில் கண்டது. 1872-இல் பிரெஞ்சு வல்லுநர் போல் புரூனா துணையோடு தொமியோக்கா பட்டு நூற்பாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வந்தது. 1873-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹென்றி டையர் தோக்கியோ பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு மிக உயர்ந்த ஊதியம் தரப்பட்டது. ஆனால் அவர்கள் நிலையாகத் தங்க அழைக்கப்படவில்லை. அவர்களிடம் கற்ற மாணவர்கள் சில ஆண்டுகளில் அவ்விடங்களை நிரப்பினர். உயர்கல்வியும் படிப்படியாக ஜப்பானிய மொழிக்கு மாறியது.

ஜப்பான் தொழில்மயமானதும் கிழக்காசியாவுக்கு அருகிலேயே ஒரு புதிய முன்னணி நாடு கிடைத்தது. ஜப்பானியப் பொருளியலாளர் அக்கமட்சு கனமே 1930-களில் இத்தகைய தொடர் வளர்ச்சியைப் பறக்கும் வாத்துக் கூட்டத்துக்கு ஒப்பிட்டார். ஒரு நாடு தொலைவைத் தாண்டினால் அதன் அண்டை மக்களுக்கும் தொலைவு குறைகிறது.

பம்பாய்: எந்திரம் வந்தும் எட்டாத வளர்ச்சி

இந்தியாவின் வரலாறு இதன் மறுபக்கம். ஜப்பானுக்கு முன்பே இந்தியாவில் நவீன பஞ்சாலைகள் தோன்றின. காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் பம்பாயில் நூற்பு, நெசவு நிறுவனத்தைத் தொடங்கினார். ஓல்டாமின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் இந்திய ஆலைகளுக்கும் ஜப்பானிய ஆலைகளுக்கும் எந்திரங்கள் விற்றது. லங்காஷயரிலிருந்து மேலாளர்களும் எந்திர வல்லுநர்களும் பம்பாய்க்கு வந்தனர். எந்திரமும் ஆளும் கிடைத்தும் ஒரு தொழிலாளியின் உற்பத்தி இங்கிலாந்தைவிட மிகக் குறைவாகவே இருந்தது. இவ்வேறுபாட்டைப் பொருளாதார வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் 1987-இல் விரிவாக ஆராய்ந்தார்.

1883-இல் இயங்கத் தொடங்கிய ஒசாக்கா நூற்பாலை 10,500 கதிர்களைக் கொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர் யாமானோபே தக்கேயோ லங்காஷயர் ஆலையில் நேரில் பயின்றவர். ஜப்பானிய ஆலைகள் பழைய மியூல் வகையை விட்டு ரிங் வகை நூற்பு எந்திரங்களுக்கு விரைவில் மாறின. 1897-இல் ஜப்பானின் பருத்தி நூல் ஏற்றுமதி அதன் இறக்குமதியை விஞ்சியது. இந்தியப் பஞ்சை வாங்கி நூற்ற ஜப்பான், சீனச் சந்தையில் இந்திய நூலுக்குப் போட்டியாயிற்று.

இங்கிலாந்திலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. மூதாதையர் தொலைவில் இந்தியா ஜப்பானைவிட இங்கிலாந்துக்கு நெருக்கமானது. வட இந்திய மொழிகள் ஆங்கிலத்தோடு ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயரோடு நேரடித் தொடர்பும் இந்தியாவுக்கே மிகுதி. வேறுபாடு அரசியலில் இருந்தது. ஜப்பானின் அரசு தன் மக்கள் கற்க வேண்டும் என்று செலவிட்டது. இந்தியாவின் அரசு வேறொரு நாட்டின் நலனுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1896-இல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீத வரி விதிக்கப்பட்டபோது, லங்காஷயர் ஆலைகளுக்குப் பாதகம் வராதபடி இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதம் உள்நாட்டு வரி விதிக்கப்பட்டது.

கல்வியிலும் இதே நிலை. சென்னையில் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னர் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அது தோக்கியோ கல்லூரிக்குப் பல தலைமுறைகள் மூத்தது. ஆனால் அதன் முதன்மை நோக்கம் அரசின் அளவைக்கும் பொதுப்பணிக்கும் ஆள் தருவதாக இருந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். அதே காலத்தில் ஜப்பானியச் சிறுவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தனர்.

மொழிபெயர்ப்பு என்னும் பாலம்

தொலைவைக் குறைக்கும் கருவிகளுள் பழமையானது மொழிபெயர்ப்பு. தமிழிலும் இதற்கு ஒரு முன்னோடி முயற்சி உண்டு. அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். மேலை மருத்துவத்தை ஆங்கிலம் அறிந்தோருக்கு மட்டும் உரியதாக விடாமல், தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் முதலிய துறை நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழாக்கப்பட்டன, கலைச்சொற்களும் உருவாக்கப்பட்டன.

அன்று எதோ எனப்பட்ட தோக்கியோவில் 1771-இல் தொடங்கிய வேலையும் மானிப்பாயில் நடந்த வேலையும் ஒரே தன்மையன. இரண்டும் உடற்கூற்றில் தொடங்கின. இரண்டும் இல்லாத சொற்களை ஆக்கின. ஜப்பானில் அம்முயற்சியை ஓர் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1873-இல் கிரீன் நாடு திரும்பிய பின், யாழ்ப்பாணத்தில் அதனைத் தொடர்ந்து வளர்க்க அத்தகைய அரசு ஆதரவு அமையவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குச் சென்றது.

மக்களே இடம்பெயரும்போது

அறிவு மக்களோடு சேர்ந்து பயணம் செய்வதால் இடப்பெயர்ச்சியும் இத்துறையில் ஆராயப்படுகிறது. லூயி பட்டர்மன், டேவிட் வெயில் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 165 நாடுகளின் இன்றைய மக்களின் முன்னோர் 1500-இல் எங்கெங்கே வாழ்ந்தனர் என்று தொகுத்தனர். ஒரு நிலப்பகுதியில் உழவும் அரசும் எவ்வளவு பழமையானவை என்பதைவிட, அங்கு இன்று வாழ்வோரின் மூதாதையரிடம் அவை எவ்வளவு பழமையானவை என்பதே இன்றைய வருமானத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று கண்டனர்.

1685-இல் பிரான்சு புரோட்டஸ்டண்டு சமயத்தவரின் வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, யூகனோ எனப்பட்ட அம்மக்களில் ஏறத்தாழ 20,000 பேர் பிராண்டன்பர்க்-பிரஷ்யாவில் அடைக்கலம் பெற்றனர். அவர்களுள் நெசவாளரும் கைவினைஞரும் பலர். அவர்கள் மிகுதியாகக் குடியேறிய நகரங்களில் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் நெசவுத் தொழிலின் உற்பத்தித் திறன் உயர்ந்திருந்ததைப் பிற்கால ஆய்வு காட்டியது.

ஆயினும் இடப்பெயர்ச்சி மட்டும் போதுமானதன்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அட்லாண்டிக்கைக் கடத்தப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த தொழிலறிவின் பயன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழர்களுக்கும் அத்தீவின் வடக்கில் வாழ்ந்த தமிழர்களுக்கும் மொழித் தொலைவு இல்லை. யாழ்ப்பாணத்தின் பள்ளிகள் புகழ்பெற்றிருந்த காலத்திலேயே மலையகப் பிள்ளைகள் லயன் அறைகளுக்கும் கொழுந்துக் கூடைக்கும் இடையே வளர்ந்தனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மொழி ஒன்றாக இருந்தும் உரிமை இல்லாவிடில் அறிவு வந்து சேர்வதில்லை என்பதற்கு இது கண்கூடான சான்று.

நம்பிக்கையும் வணிகமும்

பண்பாட்டுத் தொலைவு அறிவுப் பரவலை மட்டுமன்றி வணிகத்தையும் பாதிக்கிறது. லூயிஜி குயிசோ, பாவோலா சப்பியென்சா, லூயிஜி சிங்காலெஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய நாட்டினர் ஒருவரையொருவர் எந்த அளவு நம்புகின்றனர் என்பதைக் கருத்துக்கணிப்புகளிலிருந்து எடுத்தனர். சமய ஒற்றுமை நம்பிக்கையைக் கூட்டியது. கடந்தகாலப் போர்கள் அதைக் குறைத்தன. நம்பிக்கை குறைந்த நாடுகளிடையே வணிகமும் முதலீடும் குறைந்தன. சரக்கின் தரத்தைப் பார்த்தவுடன் அறிய முடியாத பொருள்களில் இக்குறைவு மிகுதியாக இருந்தது. கடன் கொடுத்தால் திரும்புமா, சொன்ன தரம் வருமா என்ற ஐயத்தின் விலையே இது.

விமர்சனங்கள்

இத்துறையின் முடிவுகளை அனைவரும் ஏற்பதில்லை. மூதாதையர் தொலைவு பெரும்பாலும் நிலத் தொலைவோடும் தட்பவெப்ப வேறுபாட்டோடும் சேர்ந்தே வருவதால், அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவது கடினம். புவியியல் காரணிகளை மேலும் நுணுக்கமாகச் சேர்த்தால் மரபணுத் தொலைவின் தாக்கம் பெரிதும் மங்கிவிடுகிறது என்று சில பொருளியலாளர்கள் வாதிட்டுள்ளனர். மேலும், ஒரு நாட்டுக்கு ஒரே எண் என்று தரும்போது, இந்தியா போன்ற பல மொழி, பல சமூக நாட்டின் உள்வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

குவாம்ருல் அஷ்ரஃப், ஓடெட் கலோர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட கட்டுரை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஒரு சமூகத்தின் உள்ளே காணப்படும் மரபணுப் பன்மை மிகக் கூடினாலும் மிகக் குறைந்தாலும் வளர்ச்சிக்கு ஆகாது என்று அது வாதிட்டது. மானிடவியலாளரும் மரபியலாளரும் அதன் தரவுகளையும் அடிப்படைக் கருதுகோள்களையும் மறுத்தனர். இத்தகைய முடிவுகள் இனவெறிக்குச் சான்றாகப் பயன்படுத்தப்படலாம் என்றும் எச்சரித்தனர். 19-ஆம் நூற்றாண்டில் தலையோட்டை அளந்து இனங்களை வரிசைப்படுத்தியோர் அடிமை முறைக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் அறிவியல் சாயம் பூசியதை எண்ணினால், அவ்வெச்சரிக்கை தேவையானதே.

கொரியத் தீபகற்பம் மற்றொரு வலுவான மறுப்பைத் தருகிறது. 1945-இல் பிரிக்கப்பட்ட வடக்கும் தெற்கும் மூதாதையரிலும் மொழியிலும் ஒன்றே. பிரிவினையின்போது கனரகத் தொழில்கள் வடக்கிலேயே மிகுந்திருந்தன. இன்று தென்கொரியாவின் தனிநபர் வருமானம் வடகொரியாவினதைப் போலப் பல மடங்கு. தொலைவு சுழியமாக இருக்கும் இடத்திலும் அரசும் சட்டமும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை இரண்டு தலைமுறையில் உண்டாக்க முடியும்.

முடிவுரை

மூதாதையர் தொலைவும் பண்பாட்டுத் தொலைவும் பொருளாதார வளர்ச்சியோடு தொடர்புடையவை என்பதை வரலாறு மறுக்கவில்லை. பாடக்கெட்டுக்கும் வெர்வியேவுக்கும் எந்திரம் முந்திச் சென்றது. பிரெஞ்சு பேசிய ஊர்களுக்குச் சிறு குடும்பம் முந்திச் சென்றது. அதே வரலாறு காகிதமும் எண்களும் இங்கிலாந்துக்குக் கடைசியில் சென்றதையும் பதிவு செய்துள்ளது. பிந்திக் கற்றவர்கள் திறமை குறைந்தவர்கள் என்றால், ஒரே மக்கள் ஒரு காலத்தில் திறமையற்றவராகவும் மற்றொரு காலத்தில் திறமையாளராகவும் இருந்ததாகக் கொள்ள வேண்டி வரும்.

தொலைவு மாற்றத்தக்கது என்பதே மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க செய்தி. தாய்மொழியில் நூல்கள், அனைவருக்கும் பள்ளி, கற்றுத் திரும்பும் மாணவர், அச்சமின்றி இடம்பெயரும் தொழிலாளர், கற்றதைப் பயன்படுத்தத் தரும் உரிமை ஆகியவை அதைக் குறைக்கின்றன. இவற்றுள் ஒன்றும் பிறப்போடு வருவதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சமூகமும் அதன் அரசும் செலவிட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது.